மலையேறியவரும் கப்பலேறியவரும்

உபாத்தியாயர்களுக்கென்று ஒரு தனிச் சாபம் உண்டு. மற்றவர்கள் விடுமுறைக்கு எங்கேனும் போனால் குளிர்ந்த காற்றை அனுபவித்துவிட்டு, வறுத்த வேர்க்கடலை வாங்கித் தின்றுவிட்டு, நிம்மதியாக வீடு திரும்புவார்கள். உபாத்தியாயர் போனால் அங்கேயும் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். விடை தெரியாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நாமோ பட்டம் பெற்றுச் சரித்திரம் கற்பிக்கிறவர். நமக்கு வாய்த்த கேள்வி ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு தூக்கத்தைக் கெடுத்தது.

அதற்கு முந்தின கோடையில், வேங்கிக்காலின் வெயிலுக்குப் பயந்து, குடும்பத்துடன் உதகமண்டலத்துக்குப் புறப்பட்டோம். அண்ணாமலையார் அக்கினி வடிவானவர் என்பதைச் சித்திரை, வைகாசி மாதங்களில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எவரும் பிரசங்கம் செய்து விளக்க வேண்டியதில்லை. உதகையில் பூங்காவைப் பார்த்தோம், ஏரியைப் பார்த்தோம். மூன்றாம் நாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடிப் புனித ஸ்தேவான் மாதாகோயிலுக்குள் நுழைந்தோம். 1829-ஆம் ஆண்டு அஸ்திவாரக்கல் நாட்டி, 1831-இல் வழிபாட்டுக்குத் திறந்த கோயில் அது. அதன் கூரையைத் தாங்கும் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் மாளிகையிலிருந்து பெயர்த்து வந்தவை. தோற்றவன் வீட்டு மரம் வென்றவன் கோயிலுக்குக் கூரையாயிற்று என்று நம் மகளுக்கு அங்கேயே ஒரு சிறு பாடம் நடத்தினோம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவள் வழக்கம்போல் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

மழை விட்டதும் கோயிலை அடுத்த சரிவில் இருக்கும் கல்லறைகளைச் சுற்றிப் பார்த்தோம். அங்கே ஸல்லிவன் துரையின் மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் அடக்கமாகியிருக்கிறார்கள். ஸல்லிவன் யார் என்பது உதகைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரிந்ததே. இந்த ஊரையே உண்டாக்கிய கோயமுத்தூர்க் கலெக்டர். ஊருக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததென்று 2022-இல் அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லி முடித்தோம். மகள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அம்மாவும் பொண்ணும் இங்கே இருக்காங்க. அந்த அப்பா எங்கேப்பா?” என்று கேட்டாள்.

நமக்குத் தெரியவில்லை.

வேங்கிக்காலுக்குத் திரும்பிய பிறகு இந்தக் கேள்வி நம்மை விடவில்லை. நமது வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில்தான் திருவண்ணாமலை ஜில்லாக் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பழைய கலெக்டரின் நினைவு வந்தது. மாலை வேளைகளில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினோம்.

தேடத் தொடங்கியவுடன் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டில் வந்து தங்கிய ஆங்கிலேயன் ஒருவனைத் தேடிக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமான காரியம் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியார் எதையும் எழுதாமல் விட்டவர்களில்லை. கம்பெனியில் ‘ரைட்டர்’ உத்தியோகம் வேண்டி மனுச் செய்கிற பையன் தனது ஞானஸ்நானச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதனால் அவன் எந்த ஊரில், எந்தத் தாய் தந்தையருக்குப் பிறந்தான் என்பது அங்கேயே பதிவாகிவிடும். இங்கே வந்த பிறகு அவனுக்குக் கல்யாணம் நடந்தால், குழந்தை பிறந்தால், மரணம் நேர்ந்தால், கம்பெனியின் பாதிரியார் பதிவேட்டில் எழுதி அதன் நகலை லண்டனுக்கு அனுப்புவார். அந்த ஏடுகள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. உத்தியோகக் கடிதங்கள் நமது எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இவையெல்லாம் போதாவென்று, சென்னை மாகாணத்திலுள்ள ஐரோப்பியர் கல்லறைகளின் வாசகங்களையெல்லாம் திரட்டி, காட்டன் என்ற சிவில் உத்தியோகஸ்தர் 1905-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார்.

இந்த வழிகளில் போய் ஸல்லிவனின் சரித்திரத்தை ஒருவாறு கோத்தெடுத்தோம். அவர் 1788-இல் லண்டனில் பிறந்தார். கம்பெனி உத்தியோகத்தில் சேர்ந்தது 1804-இல். நம் மகளைவிட ஒரு வயது மூத்த பையன், அவ்வளவுதான். படிப்படியாக உயர்ந்து கோயமுத்தூர்க் கலெக்டரானார். 1819 ஜனவரியில் நீலகிரிக்கு மலையேறினார். கோத்தகிரிக்கு அருகில் கண்ணேரிமுக்கில் முதல் வீட்டைக் கட்டினார். 1820-இல் ஹென்ரியட்டாவை மணந்துகொண்டார். சிறுமுகையிலிருந்து மலைக்குப் பாதை போடச் செய்தார். தோதவர்களிடமிருந்து மிகச் சொற்ப விலைக்கு நிலம் வாங்கி, 1822-இல் உதகையில் கல் வீடு கட்டத் தொடங்கினார். அந்த வீடு இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ஏரியை வெட்டுவித்தவரும் அவரே. நாம் இன்று சாம்பாரில் போடும் இங்கிலீஷ் காய்கறிகள் பலவற்றை அந்த மலையில் பயிராக்கிப் பார்த்தவரும் அவரே.

துரைமார் யாவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று எண்ணியிருந்த நமக்கு, இவர் சற்று வேறு மாதிரியாகத் தெரிந்தார். மலை நிலம் தோதவர்களுடையது, அதை எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று அவர் மேலதிகாரிகளுடன் வாதாடியிருக்கிறார். பின்னாளில் கம்பெனியின் ஆட்சியைப் பற்றிப் பேசும்போது, கங்கைக் கரையில் ஈரத்தை உறிஞ்சித் தேம்ஸ் நதிக் கரையில் பிழியும் பஞ்சுக்கு அதை ஒப்பிட்டவரும் அவர்தான். தேசிய இயக்கத்தின் தலைவர்கள் பிற்காலத்தில் புள்ளிவிவரங்களோடு சொன்னதை, கம்பெனியின் உப்பைத் தின்ற ஒருவர் முன்னமே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பஞ்சில் ஊறிய நீரில் அவருடைய சம்பளமும் ஒரு துளிதான் என்பதை நாம் மறப்பதற்கில்லை.

அவருடைய இல்வாழ்க்கை அந்த மலையிலேயே குலைந்தது. மகளையும் மனைவியையும் அங்கே அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். 1841-இல் எஞ்சிய பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஆயினும் குடும்பத்துக்கும் இந்நாட்டுக்கும் இருந்த தொடர்பு அறவில்லை. அவருடைய மகன் ஹென்றி எட்வர்ட் அதே சென்னை சிவில் சர்வீஸில் சேர்ந்து, தகப்பனார் உட்கார்ந்த கோயமுத்தூர்க் கலெக்டர் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

நம் மகள் கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்தது. ஸல்லிவன் 1855 ஜனவரி 16-ஆம் தேதி காலமானார். அவருடைய கல்லறை எங்கே என்பது நீண்ட காலம் நீலகிரிக்காரர்களுக்கே தெரியாமல் இருந்தது. மலையின் சரித்திரத்தில் பற்றுள்ள அன்பர்கள் இந்த நூற்றாண்டில்தான் தேடிக் கண்டார்கள். லண்டனுக்கு மேற்கே ஸ்லௌ என்ற ஊர். அங்கே அப்டன் என்னும் இடத்தில் புனித லாரன்ஸ் மாதாகோயில். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் அடக்கமாகியிருப்பதும் அதே கோயிலில்தான். வானத்தில் புதுக் கோளைக் கண்டவரும் மலையில் புது ஊரைக் கண்டவரும் அண்டை அயலாராக உறங்குகிறார்கள்.

இதைக் கண்டுபிடித்த அன்று நமக்கு உண்டான பெருமிதத்தைச் சொல்லி முடியாது. ஒரு பெரிய காகிதத்தில் வம்ச விருட்சம் வரைந்து, மூன்று தலைமுறையையும் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினோம். அது கார்த்திகை மாதம். நம் தாயார் தீபத்துக்காக அகல்களைக் கழுவித் திண்ணை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தீபத்தன்று மாலை அண்ணாமலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் வேங்கிக்காலில் வீட்டுக்கு வீடு அகல் ஏற்றுவார்கள். நம் வீட்டில் எல்லா விளக்கும் வைத்தான பிறகு, தெருவைப் பார்த்த கோடியில் தனியாக ஓர் அகல் வைப்பது வழக்கம். ‘கப்பலேறிப் போனவருக்கு’ என்று அதற்குப் பெயர். நம் தகப்பனாரைப் பெற்ற ஆயா, தான் இருக்கும் வரையில் அதை ஏற்றி வந்தாள். அவளுக்குப் பிறகு நம் தாயார் ஏற்றி வருகிறார்கள்.

மகள் சுவரிலிருந்த காகிதத்தையும் அந்த அகலையும் மாறி மாறிப் பார்த்தாள். “வெள்ளைக்காரத் துரைக்குப் பையன் வரைக்கும் கண்டுபிடிச்சுட்டே. இந்த விளக்கு யாருக்குன்னு சொல்லுப்பா” என்றாள்.

இரண்டாவது முறையாக நமக்குத் தெரியவில்லை. ஆனால் இந்தத் தடவை வெட்கமாயிருந்தது.

நமக்குத் தெரிந்தது இவ்வளவே. நம் தாத்தாவின் தகப்பனாருக்கு ஓர் அண்ணன் இருந்தார். ஓர் உழவு மாட்டு ஜோடியை விற்ற விஷயத்தில் தகப்பனாருடன் மனஸ்தாபம் ஏற்பட்டு அவர் வீட்டை விட்டுப் போனார் என்பார்கள். மழை பொய்த்துச் சோறில்லாமல் போனார் என்றும் சொல்வதுண்டு. இரண்டும் உண்மையாக இருக்கலாம். போன இடத்தை ஆயா ‘நெட்டாலு’ என்பாள். சிறு வயதில் அது ஏதோ நெட்டை மரத்தின் பெயரென்று எண்ணியிருந்தோம். அது தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டால் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் உறைத்தது.

அவர் பெயர் என்ன? தாயாரைக் கேட்டோம். “எங்க மாமியார் ஒரு நாளும் அந்தப் பேரைச் சொன்னதில்லையேப்பா” என்றார்கள். சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஆயாவின் மாமியாருக்கு அவர் மூத்தார். மூத்தார் பெயரை வாயால் சொல்வது மரியாதையில்லை. மாமியார் சொல்லாத பெயரை மருமகளான ஆயா சொல்வாளா? ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மரியாதை பாராட்டிய பெண்களே மிஞ்சினார்கள். இப்படியாக அவருக்குச் செய்த மரியாதையே அவர் பெயரை அழித்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து, அரிசி அளந்துகொண்டிருந்த தாயார் திடீரென்று படியைக் கீழே வைத்தார்கள். “உங்க ஆயா நெல்லு அளக்கிறது ஞாபகம் இருக்கா?” என்றார்கள்.

ஞாபகம் இருந்தது. ஆயா ஒன்று முதல் ஆறு வரையில் எண்ணுவாள், அடுத்து ‘அதுக்கு மேலே ஒண்ணு’ என்பாள், பிறகு எட்டு. அவள் எழுத்தறியாதவள், எண்ணத் தெரியவில்லை என்று நாம் எண்ணிக்கொண்டோம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மேதாவியாகையால் அவளுக்குக் கற்பிக்கவும் முற்பட்டோம். “ஏழு சொல்லு ஆயா! ஏழு!” என்று எத்தனையோ நாள் தொந்தரவு செய்திருக்கிறோம். அவள் சிரிப்பாளே தவிரச் சொல்லமாட்டாள். நமது முதல் மாணவி தேறாமலே போய்விட்டாள் என்று பிற்காலத்தில் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொன்னதும் உண்டு.

அவளுக்கு எண்ணத் தெரிந்திருந்தது. சொல்லத்தான் கூடாதிருந்தது. குடும்பத்தில் மற்றப் பெரியவர்கள் எவர் பெயரிலும் ஏழு இல்லை. ஏழில் தொடங்கும் ஆண்பிள்ளைப் பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு, வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆயா காத்த மரியாதையை அச்சில் போட்டு உடைக்க நமக்கு மனம் வரவில்லை.

பெயர் கிடைத்தது. இனித் தகப்பனார் பெயர் வேண்டும். அது சுலபம். எங்களில் தலைப்பேரனுக்குப் பாட்டனார் பெயரை வைப்பது வழக்கம். நம் தாத்தா தலைப்பேரன். ஆகவே அவர் பெயர்தான் அந்தப் பெரியவருடைய பெயரும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மீண்டும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தோம்.

இங்கேயும் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. கூலிக்குக் கப்பலேறிய ஏழையைப் பற்றி யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள் என்றல்லவா எண்ணுவோம்? எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரையில் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். பெரும்பாலும் கரும்புத் தோட்டத்தில் வேலை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள மச்சம், தழும்பு என்று வரிசையாகக் கப்பல் பட்டியலில் எழுதினார்கள். அந்தப் பட்டியல்கள் தென்னாப்பிரிக்காவில் இன்றும் இருக்கின்றன. டர்பனிலுள்ள காந்தி-லுதுலி ஆவண மையம் அவற்றை யாவரும் பார்க்கும்படி செய்திருக்கிறது.

ஸல்லிவனைப் பற்றிய ஏடுகளும் இந்த ஏடுகளும் ஒரே சாம்ராஜ்யத்தின் குமாஸ்தாக்கள் எழுதியவை. ஆனால் நோக்கம் வேறு. அங்கே ஒருவனுக்கு உத்தியோகமும் சொத்துரிமையும் கொடுப்பதற்காக எழுதினார்கள். இங்கே ஒருவன் ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதினார்கள். துரைமார்களின் ஏட்டில் அங்க அடையாளம் எழுதவில்லை. அவர்களை அப்படித் தேடவேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

நாம் வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து போனவர்களைத் தேடினோம். பல வாரம் தேடியும் பயனில்லை. ஒரு நாள் வகுப்பில் ஜில்லாக்களின் எல்லை மாறியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே நமக்கு நாக்குக் குழறிற்று. திருவண்ணாமலைத் தாலுகா தென் ஆற்காட்டிலிருந்து வட ஆற்காட்டுக்கு மாறியது 1911-இல் அல்லவா? அதற்கு முன் போனவரைத் தென் ஆற்காட்டில் அல்லவா தேட வேண்டும்? ஊர்ப் பெயரோ வெள்ளைக்காரன் நாக்கில் ‘திரினாமலி’ என்றிருந்தது. சரித்திரம் கற்பிக்கிறவருக்கே இது தோன்றாமற்போனதை எண்ணி நாமே நம்மைப் பெஞ்சின்மேல் ஏற்றிக்கொண்டோம்.

தென் ஆற்காட்டில் தேடியபோது இரண்டு பேர் அகப்பட்டார்கள். இருவருக்கும் அதே பெயர். இருவருக்கும் அதே தகப்பன் பெயர். ஒருவருக்கு வயது இருபத்திரண்டு, மற்றவருக்கு முப்பது. ஒருவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. மாடு உதைத்த தழும்பா, ஏர் பட்ட தழும்பா? கிராமத்தின் பெயரை இரண்டிடத்திலும் எழுதியிருந்த அழகைப் பார்த்தால் அது எங்கள் கிராமமாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். தழும்பைப் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவர்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது. இதற்கு மேல் நமக்கு வழி புலப்படவில்லை.

1894-இல் டர்பனில் காந்தியடிகளிடம் ஒரு தமிழர் அழுதுகொண்டு வந்தார். கந்தல் உடை, எஜமான் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து இரத்தம், தலைப்பாகை கையில். அவர் பெயர் பாலசுந்தரம். காந்தியடிகள் தமது சுயசரிதையில் எழுதிவைத்ததால் அந்தப் பெயரை நாம் அறிவோம். மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பட்டியலில் ஒரு வரி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அந்த ஒரு வரியை நம்முடையதென்று அடையாளம் சொல்ல வேண்டியவர்கள் இங்கே வீட்டில் இருப்பவர்கள்தாம்.

ஸல்லிவனைத் தேடியதற்காக நாம் வருந்தவில்லை. அவர் வழியாகத்தான் தேடும் வித்தையைக் கற்றோம். ஆனால் ஒன்று மனத்தை உறுத்துகிறது. அவருடைய கல்லறை மறந்துபோயிருந்தும், ஏடு இருந்ததனால் நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு தேட முடிந்தது. நம் பெரியவருக்கும் ஏடு இருக்கிறது. ஆனால் ஏட்டைத் திறக்கும் சாவி ஆயாவின் வாயில் இருந்தது. அவள் தொண்ணூறு வயதை நெருங்கும் வரையில் நம்முடன் இருந்தாள். பட்டம் பெற்ற பேரன் பக்கத்திலேயே இருந்தும், ஏழைச் சொல்லக் கற்றுக்கொடுத்தானேயன்றி, ஏன் சொல்லவில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஆகையால் இப்போது ஒரு காரியம் செய்து வருகிறோம். துரையின் வம்ச விருட்சத்தைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டுப் புதிய காகிதம் ஒன்று ஒட்டியிருக்கிறோம். அதில் தாயார் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். புருஷர்கள் பெயரை மட்டுமல்ல, வீட்டுக்கு வந்த பெண்களின் பெயர், அவர்கள் பிறந்த ஊர் எல்லாவற்றையும் எழுதுகிறாள். தாத்தாவின் தாயார் பெயரைக் கேட்டபோது நம் தாயார் வெகு நேரம் யோசித்துவிட்டு, “மேட்டு வீட்டு ஆயான்னுதான் சொல்லுவாங்க” என்றார்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. உறவினர்களைக் கேட்டுவருகிறோம். நேயர்கள் வீட்டிலும் எண்ணும்போது ஓர் எண்ணைத் தாண்டிப் போகிற பாட்டி ஒருத்தி இருக்கலாம். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

சென்ற கார்த்திகையில் மலைமேல் ஜோதி தெரிந்ததும் வழக்கம்போல் வீடெங்கும் விளக்கு வைத்தோம். கடைசியில் தாயார் தனி அகலை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனார்கள். பின்னாலேயே மகள் இன்னோர் அகலை எடுத்துக்கொண்டு போனாள்.

“இது எதுக்குடி?” என்றார்கள் தாயார்.

“ரெண்டு பேர்லே யாருன்னு தெரியலையே ஆயா. இன்னொருத்தர் வீட்டிலே விளக்கு வைக்கிறாங்களோ இல்லையோ” என்றாள் மகள்.

தாயார் சற்று நகர்ந்து அதற்கு இடம் விட்டார்கள்.